கவசத்தின் நிறம் யாது?

போர்வீரன் ஒருவனை வரையப் புகும் மாணவன் முகத்துக்கு ஒரு நிறத்தையும் ஆடைக்கு ஒரு நிறத்தையும் தேர்ந்து கொள்கின்றான். கவசத்தின் முறை வந்ததும் சற்றும் தயங்காது சாம்பல் நிறத்தை எடுத்து எல்லைக்கோட்டுக்குள் நிரப்புகின்றான். பின்னர் ஓர் ஓரத்திற் சிறிது வெண்மையும் மறுவோரத்திற் சிறிது கருமையும் தடவுகின்றான். முடிவில் அவன் கண்முன் நிற்பவன் உருக்குக் கவசம் பூண்ட வீரன் அல்லன். சீமெந்து பூசிய வீரன்.

அண்மைக் காலத்தில் எம் மாணவருட் பலர் தாளையும் நீர்வண்ணத்தையும் விடுத்து, கணினித் திரையிலும் மின் வரைபலகையிலும் ஓவியந் தீட்டப் பழகியுள்ளனர். மெல்ல அழுத்தினால் மெல்லிய கோடும் வன்மையாய் அழுத்தினாற் பருத்த கோடும் தரும் எழுதுகோல் அவர் கையில் உண்டு. அவர் பெரிதும் விரும்பி வரைவன கற்பனை உலகங்கள்: பறவை நாகங்கள், அரக்கர், கொம்பு முளைத்த தலைக்கவசம் அணிந்த மறவர். இதனை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிடல் ஆகாது. கணினி விளையாட்டுகளும் திரைப்படங்களும் நூலட்டைகளும் இத்தகைய ஓவியங்களை வேண்டிநிற்றலின், இஃது இன்று ஒரு தொழிலும் ஆயிற்று. அத்தொழிலை நாடும் இளைஞன் தன் படங்களைத் தொகுத்துக் கடல்கடந்த நாட்டிலுள்ள ஒருவருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கின்றான். அவன் எவ்வூரான், எத்தனை பாடத்திற் சித்தியெய்தினான் என்று அங்கே எவரும் வினவார். படம் ஒன்றே பேசும். அப்படத்திலுள்ள கவசம் சீமெந்தாய் இருப்பின் வாயில் அடைபட்டுப் போம்.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன அலுவல் என்று எம்முடன் பணியாற்றுவோர் சிலர் நகைத்ததுண்டு. கவசத்தின் உறுப்புகளுக்குத் தமிழிற் பெயர் வேண்டுமென்று மாணவர் எம்மிடம் வந்தமையே இதற்குக் காரணம். கவசம் என்பது வடசொல். உடலை மறைப்பது என்னும் பொருளில் மெய்ம்மறை என்னும் அழகிய சொல் பதிற்றுப்பத்திலே காணப்படுகின்றது. ஆங்கு அரசனே தன் மறவர்க்கு மெய்ம்மறையாகச் சொல்லப்படுகின்றான். பெயரைத் தேடப் புகுந்த யாம் பொருளையும் தேடவேண்டியதாயிற்று. தேடியவற்றுள் மாணவர்க்குப் பயன்படும் எனத் தோன்றியவற்றை ஈண்டுக் கூறுவாம்.

துலக்கிய உருக்குக்குத் தனக்கென நிறம் இல்லை என்பதே எம் தலைப்பிலுள்ள வினாவுக்கு விடையாகும். இஃது உயர்வுநவிற்சி அணியன்று. பௌதிகம் கூறும் உண்மை. செங்கல், மரம், துணி, தோல் முதலிய அல்லுலோகப் பொருள்களின்மீது விழும் ஒளியின் பெரும்பகுதி பொருளுக்குள்ளே சிறிது புகுந்து, அங்கே சிதறுண்டு, அப்பொருளின் நிறத்தைத் தாங்கி வெளியே வருகின்றது. மேற்பரப்பிலேயே தெறிப்பது, நேர்நின்று நோக்குங்கால், நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கே. உலோகத்தின் இயல்பு வேறு. அதனுட் புகும் ஒளி மிக மெல்லிய ஆழத்திலேயே உறிஞ்சப்பட்டு ஒழிகின்றது, திரும்பி வருவதில்லை. எனவே நாம் காண்பது அனைத்தும் மேற்பரப்பிலே தெறித்த ஒளியே. இரும்பு தன்மீது விழும் ஒளியிற் பாதிக்குச் சற்று மேலாகவும், வெள்ளி நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேலாகவும் தெறிக்கச் செய்யும். பொன்னும் செம்பும் பித்தளையும் நீல ஒளியைக் குறைவாகத் தெறிக்கச் செய்வதால், அவற்றிற் காணப்படும் உலகம் மஞ்சளாகவோ செம்மையாகவோ சாயம் பெறுகின்றது.

இதிலிருந்து ஓவியனுக்கு ஒரு நுட்பம் கிடைக்கின்றது. நீலம் பூசிய மரக் கேடயத்தின்மேல் விளக்கொளி பளிச்சிடும் புள்ளியை விளக்கின் நிறத்திலேயே தீட்டவேண்டும். கேடயத்தின் நீலம் அதிற் சாராது. பித்தளைக் கேடயத்திலோ அப்புள்ளியும் மஞ்சள் சார்ந்ததாதல் வேண்டும். பித்தளையின்மேல் தூய வெண்மையை வைத்துவிட்டு, ஏன் அது மஞ்சள் நிற நெகிழி போலத் தோன்றுகின்றது என்று வருந்துவோரை யாம் பலகாற் கண்டிருக்கின்றோம்.

ஆகவே, கவசத்தைத் தீட்டுதல் என்பது கவசம் நிற்கும் இடத்தைத் தீட்டுதலேயாம். வீரன் வெட்டவெளியில் நிற்பின் மேல்நோக்கிய தகடுகள் வானத்தின் நீலத்தைக் காட்டும். கீழ்நோக்கியவை மண்ணின் நிறத்தைக் காட்டும். இரண்டுக்கும் இடையே, தொலைவிலுள்ள மரவரிசை தெறித்து, ஒரு கரிய பட்டை குறுக்கே ஓடும். அக்கரிய பட்டையே கண்ணுக்கு ‘இஃது உலோகம்’ என்று முதலில் அறிவிப்பது. அதனை இடாமல் வெண்மையிலிருந்து கருமைக்கு மெல்ல மெல்ல இறங்கும் மாணவன் எத்தனை நாள் உழைத்தாலும் சீமெந்தையே அடைவான். செம்மண் நிலத்தில் நிற்பவனுடைய கவசத்தின் அடிப்புறம் செம்மை சாரும். பனிமலையில் நிற்பவனுடையது வெளுத்து நீலம் பூக்கும். சூழலை முடிவுசெய்யாது வீரனை மட்டும் வெள்ளைப் பின்னணியில் வரைவோர்க்குக் கவசம் ஒருநாளும் அமையாமைக்குக் காரணம் இதுவே. தெறிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இவ்வுண்மையை ஐரோப்பிய ஓவியர் கணினி தோன்றுதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டறிந்தனர். பெல்ஜியம் நாட்டின் புரூச் நகரத்து அருங்காட்சியகத்தில் யான் வான் ஐக் என்பார் 1436ஆம் ஆண்டில் முடித்த ஓவியம் ஒன்று உள்ளது. நடுவே மரியாள் குழந்தையோடு அமர்ந்திருக்க, ஒருபுறம் கவசம் பூண்ட புனித ஜோர்ஜ் நிற்கின்றார். அக்கவசத்தை உற்று நோக்கின் மரியாளின் செந்நிற ஆடை அதிற் பிரதிபலித்தல் காணலாம். அவருடைய கேடயத்திலே சிற்றுருவம் ஒன்றும் தெரிகின்றது. அது தூரிகையேந்திய ஓவியரின் நிழலே என்று கலைவரலாற்றார் பலர் கருதுவர். வான் ஐக் கவசத்தைத் தீட்டவில்லை. அந்த அறையைத் தீட்டினார், அறை கவசமாயிற்று.

வெனிசு நகரத்துத் திசியன் 1536 முதல் 1538 வரையிலே தீட்டிய ஊர்பினோப் பிரபுவின் உருவமும் அத்தகையதே. பிரபு தம் கவசத்தையே ஓவியரிடம் அனுப்பிவைத்தார் என்பர். கரிய உருக்கின்மேல் ஒளி சில இடங்களில் மட்டும் விழுந்து மின்னுகின்றது. பின்னே விரித்த செம்பட்டின் நிறம் உருக்கிலே இழைகின்றது. இப்படம் இன்று புளோரன்சு நகரத்து உபிசிக் காட்சிச்சாலையில் உள்ளது.

அதே காட்சிச்சாலையிலுள்ள இன்னொரு கவசப் படத்தைப் பற்றி வசாரி தம் வரலாற்றிலே ஒரு செய்தி கூறுகின்றார். மாணவர் அனைவரும் அறியவேண்டியது அது. 1534ஆம் ஆண்டளவில் இளைஞராயிருந்த வசாரி, அலெசாந்திரோ மெடிச்சி என்னும் பிரபுவைக் கவசத்தோடு தீட்டும் பணியை ஏற்றார். மெய்யான கவசத்தைப் படத்தினருகே வைத்து, அதன் ஒளியை எட்டுதற்கு இரவும் பகலும் முயன்றும் இயலாது மனமுடைந்தார். அப்பொழுது மூத்த ஓவியராகிய பொன்தோர்மோ வந்து பார்த்து, மெய்க்கவசம் அருகில் இருக்குமளவும் உன் கவசம் வண்ணமாகவே தோன்றும். ஈயவெள்ளை நம்மிடமுள்ள வண்ணங்களுள் மிக ஒளியுடையதாயினும் இரும்பு அதனினும் ஒளிரும். மெய்யானதை அகற்றிவிட்டுப் பார் என்னும் கருத்துப்பட அறிவுரை கூறினாராம். வசாரி அவ்வாறே செய்ய, படம் அத்துணைத் தாழ்ந்ததன்று என்பது புலனாயிற்று.

பொன்தோர்மோ கூறியது திரைக்கும் முற்றும் பொருந்தும். திரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை படிகள் உண்டு. 255க்கு மேல் வெண்மை இல்லை. ஞாயிற்றின் ஒளி உருக்கில் தெறித்துக் கண்ணைக் கூசச்செய்வது போலத் திரை கூசச்செய்யாது. ஆதலின் ஒளியைக் கூட்டி ஒளிரச்செய்ய இயலாது. சுற்றியுள்ளதைத் தாழ்த்தியே ஒளிரச்செய்தல் கூடும். மாணவர் செய்வதோ இதற்கு மாறானது. கவசம் மின்னவில்லை என்று கண்டவுடன் இன்னும் ஓரிடத்தில் வெண்மை, பின்னர் இன்னும் ஓரிடத்தில் வெண்மை என்று சேர்த்துக்கொண்டே போகின்றனர். வெண்மை பெருகப் பெருகக் கவசம் மங்குகின்றது. கவசத்தின் பெரும்பகுதியை 40க்கும் 120க்கும் இடைப்பட்ட படிகளில் அடக்கிவைத்து, மிக்க வெண்மையை மூன்று நான்கு சிறு இடங்களுக்கு மட்டும் ஒதுக்குக என்று யாம் மாணவர்க்குச் சொல்லுவதுண்டு. எண்கள் கட்டளையல்ல, சிக்கனமே கருதற்பாலது. அமெரிக்க ஓவியர் பிராங்க் பிரசெற்றா 1973இல் தீட்டிய கரிய குதிரைமேல் அமர்ந்த மறவனின் படம் இளைஞர் பலரும் அறிந்ததே. அம்மறவனுடைய முகம் தலைக்கவசத்தின் நிழலில் மறைந்து கிடக்கின்றது, பெரும்பகுதி இருளே. ஆயினும் அஃது உலோகம் என்பதில் யார்க்கும் ஐயம் எழுவதில்லை.

இவ்விடத்தில் எம் பழைய மாணவர்க்கு ஒன்று நினைவூட்டுவோம். கல்லூரி நாடகங்களில் மன்னர் அணிந்த கவசங்கள் கடதாசி மட்டையில் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை ஒட்டிச் செய்தவை. கசங்கிய அத்தாள், மேடை விளக்கின் கீழ், பின்வரிசையிலிருந்து நோக்குவார்க்கு மெய்யுலோகம் போலவே தோன்றியதன்றோ? கசங்கிய ஒவ்வொரு மடிப்பும் வெவ்வேறு திசையை நோக்கி, கருமைக்கும் வெண்மைக்கும் இடையே படி எதுவுமின்றிப் பாய்ந்தமையே அதன் காரணம். வண்ணச் சாயம் பூசிய மட்டைக் கவசம் அவ்வாறு தோன்றியதில்லை.

ஒளியை அறிந்தபின் வடிவத்தை அறிதல் வேண்டும். குவிந்த மார்புத்தகடு சூழலைச் சுருக்கிச் சிறிதாகக் காட்டும். குழிந்த பரப்பு, கரண்டியின் உட்புறம் முகத்தைத் தலைகீழாகக் காட்டுவது போல, மேலுள்ளதைக் கீழே காட்டும். முழங்காலின் கீழ்ப்பகுதியை மூடும் குழல்வடிவத் தகடு சூழலைப் பக்கவாட்டில் நெருக்கி நெடுங்கோடுகளாக்கும். ஆதலின் அங்கே ஒளியை மேலிருந்து கீழாக நீண்ட கீற்றுகளாக இடுக. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஜெர்மானியக் கொல்லர் செய்த வரிக்கவசங்களில், தகட்டை வலுப்படுத்தும் பொருட்டு எழுப்பிய மெல்லிய வரம்புகள் விசிறிபோல விரிந்து செல்லும். ஒவ்வொரு வரம்பும் தனக்கென ஓர் ஒளிக்கோட்டையும் நிழற்கோட்டையும் உடையது. வரைவதற்கு இவ்வளவு இனிமையானதும் இவ்வளவு பொறுமை வேண்டுவதும் வேறில்லை.

போர்க்களத்துக்குரிய முழுக்கவசம் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோகிராம் வரை நிறையுடையது. அந்நிறை உடல் முழுவதும் பகிரப்பட்டமையால் அதனை அணிந்தவன் நடக்கவும் குதிரையேறவும் வல்லவனாயிருந்தான். மார்புத்தகடு தடித்தது, கைகால்களின் தகடுகள் மெல்லியன. மூட்டுகளில் சிறு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, தோல்வாரினாலும் ஆணியினாலும் பிணைக்கப்பட்டு, நண்டின் ஓடுபோல மடங்கும். கற்பனை உலகத்துக் கவசத்துக்கு இவ்வறிவு எதற்கு என வினவற்க. கை மடங்குமா, தலை திரும்புமா என்று பார்ப்போன் உள்ளம் ஐயுறுமாயின், எத்துணைச் சிறந்த தெறிப்பும் அதனைக் காப்பாற்றாது. 2001 முதல் 2003 வரை வெளிவந்த ‘த லோட் ஒவ் த றிங்ஸ்’ திரைப்படங்களுக்குக் கற்பனை ஓவியம் வரைந்தோருள் ஒருவராகிய ஜோன் ஹவ், இடைக்கால வாழ்வை நடித்துக்காட்டும் குழுவொன்றிற் சேர்ந்து தாமே கவசம் அணிந்து பழகியவர். தோல்வார் எங்கே உராயும் என்பதை அவர் நூலைப் பார்த்தா அறிந்திருப்பார்?

இனி மேற்பரப்பின் நிலைக்கு வருவோம். மாணவர் பெரிதும் விரும்புவதும் பெரிதும் வழுவுவதும் இங்கேதான். கீறல், துரு, அழுக்கு ஆகியவற்றைக் கவசம் முழுவதும் உப்புத் தூவுவது போலத் தூவிவிடுகின்றனர். கீறல் எங்கே விழும்? வாள் படுமிடத்திலும், தகடு தகட்டோடு உராயுமிடத்திலும், வெளியே புடைத்த விளிம்பிலும் விழும். துரு எங்கே பிடிக்கும்? நீர் தங்குமிடத்தில், ஆணியின் அடியில், கை எட்டித் துடைக்க இயலாத மடிப்பில் பிடிக்கும். விளிம்பு தேய்ந்து ஒளிரும். குழி இருண்டு அழுக்கேறும். ஒவ்வொரு கறைக்கும் ஒரு வரலாறு உண்டு என்று கருதித் தீட்டுவோன் தவறான்.

மற்றொரு நுட்பமும் உண்டு. வீட்டிலுள்ள பழைய எவர்சில்வர் தட்டொன்றை மின்குமிழின் கீழே பிடித்துப் பார்க்க. நுண்ணிய கீறல்கள் ஒளிப்புள்ளியைச் சுற்றி வட்டவட்டமாகச் சுழல்வன போலத் தோன்றும். தட்டை அசைத்தால் வட்டமும் உடன் நகரும். மெய்யிலே கீறல்கள் எல்லாத் திசையிலும் உள்ளன. ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே ஒளியைக் கண்ணுக்குத் தெறிக்கச் செய்கின்றன. ஆதலின் பளிச்சிடும் புள்ளியருகே கீறல்களை அதனைச் சூழும் வளைகோடுகளாக இடுக; புள்ளியை விட்டு அகல அகல மறையவிடுக. இவ்வொரு செயல் நூறு கீறற்படங்களை ஒட்டுவதினும் மேலானது.

துரு என்பது இரும்பின் ஒட்சைட்டு. அஃது உலோகம் அன்று. ஆதலின் துருப்பிடித்த இடம் தெறிக்காது. மண்ணைப் போலத் தன் செம்பழுப்பைத் தானே காட்டும். துருவைத் தீட்டும் மாணவன் பளபளப்பின்மேலே செம்மையை மட்டும் ஏற்றிவிட்டாற் செம்பாகிவிடும். பளபளப்பை அவ்விடத்தே அழித்தல் வேண்டும். உருக்கைச் சூடாக்குங்கால் அதன்மேற் படரும் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் இதற்கு வேறானது. ஒளியலைகளின் தலையீட்டால் அது ஏறத்தாழ 230 பாகை செல்சியசில் வைக்கோல் மஞ்சளாயும், 300 பாகையளவில் நீலமாயும் தோன்றும், பளபளப்போ குன்றாது. பழைய கொல்லர் இம்முறையால் நீலம் ஏற்றி, அதன்மேற் பொன்முலாமிட்டு, மன்னர்க்குக் கவசஞ் செய்தனர். கவசம் என்றாற் சாம்பல் நிறம் என்போர் இவற்றை நோக்குவாராக.

சங்கிலிக் கவசத்தைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். வளையங்கள் அனைத்தையும் வரைய முயலற்க. ஒரே அச்சை எங்கும் ஒட்டவும் வேண்டா. ஒளியும் நிழலும் சந்திக்கும் எல்லையிலே சில வளையங்களைத் தெளிவாக வரைந்தாற் போதும். ஏனையவற்றைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும்.

போட்டோஷொப் முதலிய செயலிகளிலே கண்ணாடித்தாள் அடுக்கினாற்போலப் பல படைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையும் வசதி 1994 முதல் உண்டு. கிறிற்றா என்னும் செயலி விலையின்றியே கிடைக்கின்றது. ஒரு படையில் வடிவமும் இருளும், அதன்மேல் ஒன்றிற் சூழலின் தெறிப்பு, அதன்மேல் ஒன்றில் தேய்வும் துருவும், எல்லாவற்றுக்கும் மேலே அச்சில மிக்க வெண்புள்ளிகள் என அடுக்குவது நன்று. தவறியதை மட்டும் அழித்து மீள எழுதலாம். துருப்பிடித்த இரும்பின் ஒளிப்படத்தைக் கவசத்தின்மேல் ஒட்டிக் கலந்துவிடும் முறையை யாம் முற்றாக வெறுப்பவரல்லேம். ஒளியும் வடிவமும் அமைந்தபின், உப்பின் அளவாகச் சேர்ப்பின் அது சுவைதரும். முதலிலேயே ஒட்டுவோன், வளைந்த தகட்டின்மேல் தட்டையான தாளைப் போர்த்தவனாவான்.

கணினி விளையாட்டுத் துறையினரும் சுற்றிச் சுழன்று இந்தப் பழைய உண்மைக்கே வந்து சேர்ந்துள்ளமை வியத்தற்குரியது. டிஸ்னி நிறுவனத்தார் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையொன்றில், ஒரு பொருளின் மேற்பரப்பை விளக்கும் அளவைகளுள் உலோகத் தன்மையும் கரடுத் தன்மையும் தலையாயின. இது உலோகமா அன்றா, வழவழப்பா கரடா என்னும் இரண்டையும் சொல்லிவிட்டால் எஞ்சியதைச் சூழலும் ஒளியும் பார்த்துக்கொள்ளும். விளையாட்டுத் துறையினர் அம்முறையை விரைந்து தழுவினர். கையால் தீட்டுவோனும் தூரிகையை எடுக்குமுன் இவ்விரு வினாவையும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளலாம்.

சொல்லைக் கொடுத்தாற் படத்தைத் தரும் இயந்திரங்கள் வந்துவிட்டனவே, இனி இப்பயிற்சி எதற்கு என்று பெற்றோர் சிலர் எம்மை வினவியதுண்டு. அவ்வியந்திரம் தரும் கவசங்கள் கண்ணைப் பறிப்பன என்பதை மறுக்கவில்லை. ஆயினும் தோல்வார் எங்கோ தொடங்கி எங்குமின்றி முடிவதையும், மடங்கவியலாத இடத்தில் மூட்டு அமைந்திருப்பதையும், செந்தீயின் முன்னே நின்றும் உருக்கு நீலம் காட்டுவதையும் யாம் அவற்றிற் கண்டதுண்டு. அப்பிழையைப் பிழையென்று காண்பதற்கேனும் பயின்ற கண் வேண்டுமன்றோ?

மெய்க்கவசத்தைக் காண ஐரோப்பா செல்லவேண்டுவதில்லை. நியூயோர்க் மாநகரப் பெருங்காட்சிச்சாலை 2017ஆம் ஆண்டிலே, உரிமைக் கட்டுப்பாடு இல்லாத தன் அரும்பொருள்களின் ஒளிப்படங்களை எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்துமாறு பொதுவில் வைத்தது. அவற்றுட் கவசங்களும் பல. ஒளிப்படத்தைப் பார்த்தெழுதுமுன் கண்ணாற் பார்த்தெழுதுதல் நன்று என்பது எம் கருத்து. அதற்குக் கல்லூரி மண்டபத்துப் பித்தளைக் குத்துவிளக்கே போதும். அது வெள்ளிதோறும் புளியிட்டுத் துலக்கப்படுவது. புளியின் அமிலம் களிம்பைக் கரைத்துவிடும். விரும்பும் மாணவர் வியாழக்கிழமை மாலை அவ்விளக்கை ஒருமுறை தீட்டி, மறுநாள் துலக்கியபின் அதே இடத்தில் அமர்ந்து, அதே நிறங்களைக்கொண்டு மீண்டும் ஒருமுறை தீட்டி, இரண்டையும் எம்மிடம் கொண்டுவந்து காட்டுக.